சைக்கிளிலிருந்து யாரும் விழவில்லை

நான் சொன்ன ஒரு பொய் என் வீட்டுக்காரர் உயிரை வாங்கியிருக்கும். வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

1961இல், ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதிவிட்டது. வேலைக்குக் கிளம்ப அவசரமாகப் பழைய சோற்றில் கை வைத்தவர், "வள்ளிக்கண்ணு!" என்று அலறி, இடது விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிற்று. குதிரை வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சர்ஜன் கியாசுதீன் வயிற்றையும் விலாவையும் அழுத்திப் பார்த்தார். "கிட்னியைச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. பலமா அடிபட்டா இப்படி ஆகும். யாராவது அடிச்சாங்களா? மறைக்காம சொல்லும்மா, அடிதடின்னா போலீசுக்கு எழுதணும்."

முந்தின நாள்தான் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் என் தம்பி மருதைக்கும் இவருக்கும் சண்டை. மருதை உறையூரில் தறி நெய்கிறவன். இவர் தன் சொந்தத்தில் பார்த்த பெண்ணை அவன் வேண்டாம் என்றுவிட்டான். புளிசாதத்தை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு பேரும் கத்திக்கொண்டே மரத்துக்குப் பின்னால் போனார்கள். திரும்பி வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மருதைக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தெளிவாகக் கண் விழித்தார். "விழுந்த அடிதானே, ரத்தக்கட்டு தானா கரைஞ்சிடும். பத்து நாள் படுத்திருக்கட்டும், அப்புறம் வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். நான் இவர் காதருகே குனிந்து, "மருதை அடிச்சானா?" என்று கேட்டேன். "அவன் எங்கடி அடிச்சான்?" என்றார். நான் நம்பவில்லை. மச்சினனைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனா இவர்?

ஐந்தாம் நாள் ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை, கன்றிப்போன இடம் இல்லை. நாலு ஆண்பிள்ளைகளோடு வளர்ந்தவள் நான். அடிபட்ட உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்று சாயங்காலம் மூத்திரத்தில் ரத்தம் போயிற்று.

டாக்டர் என் பொய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார், இவருக்கு இல்லை! குத்து வெளியே தெரியாமல் உள்ளே இறங்கியிருக்குமோ என்ற சந்தேகமும் விடவில்லை. எதுவானாலும் சரி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பி ஜெயிலுக்குப் போனாலும் திரும்பி வருவான். இவர் போனால் வரமாட்டார்.

"சைக்கிள்ல இருந்து யாரும் விழலீங்க. நான் பொய் சொன்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விளையாடுறியாம்மா?"

"இவருக்கும் என் தம்பிக்கும் சண்டை. அவன் அடிச்சானான்னு எனக்குத் தெரியாது. போலீசுக்கு எழுதுங்க. ஆனா அவரு உடம்புல ஒரு காயம் இல்ல. வந்து பாருங்க, இப்பவே."

நர்ஸ் வியாகுலம்மாள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் அசையவில்லை. டாக்டர் எழுந்து வந்தார். இவரைப் புரட்டி, நின்று நிதானமாகப் பார்த்தார். அவர் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அடி படாம கிட்னியைச் சுத்தி ரத்தம் கட்டினா சும்மா விடக்கூடாதும்மா. உள்ள கட்டி இருந்து, அது கசியலாம். புத்துநோயாக்கூட இருக்கலாம்."

நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தக்கட்டு மறைத்துப் படம் தெளிவாக இல்லை. "திறந்து பார்த்தாத்தான் தெரியும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். ஆபத்தும் உண்டு" என்றார். என் மாமியார் காளியாயி, "வேணாம்டி, பிள்ளையைக் கீறிப் போட்டுடுவாங்க" என்று ஓலமிட்டாள்.

"திறங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இதற்குள் போலீஸ்காரர்கள் மருதையைத் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய், ஒரு பகல் முழுக்க விசாரித்து அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் அன்று காலை அவன் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். மச்சானுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். "எலுமிச்சம்பழம் அளவு கட்டி. கிட்னியோட எடுத்துட்டேன். பரிசோதனைக்கு அனுப்புறேன், ஆனா பார்த்தாலே புத்துநோய்தான். வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. அடிச்சதால வந்தது இல்லம்மா இது. நீ வந்து சொல்லலன்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அவர் போன பிறகுதான் மருதை வாயைத் திறந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்டா."

"பொய் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன். பஞ்சு வைத்து மடக்கியிருந்த அவன் கையை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அவன் கையை எடுக்கவில்லை.