ஒரே தப்புக்கு இரண்டு கேக்

மனிதனின் கை ஒரு அரைகுறை வடிவமைப்பு. ஐந்து விரல் என்பது தேவையில்லாத ஆடம்பரம், கட்டைவிரல் இருக்கிற இடம் சரியில்லை, மணிக்கட்டுக்கு உத்தரவாதமே கிடையாது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இதை யாரும் திருத்தாமல் விட்டதற்கு ஒரே காரணம், எஸ்பென் ஹோல்ம்கோர் அதுவரை பிறந்திருக்கவில்லை என்பதுதான்.

இதை எஸ்பென் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஓடென்ஸ நகரில் இயந்திரக் கைகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில், மெக்கானிக்கல் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சாப்பாட்டு மேசையில் கம்பு ரொட்டியின் மேல் ஊறிய மீன் துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னான். எதிரே இருந்த மோகென்ஸ், அங்கே மென்பொருள் எழுதுகிறவர், கொஞ்ச நேரம் அதை மதித்து யோசித்தார்.

"அப்ப அந்த மீனை எதால எடுத்து வெச்ச?" என்றார்.

அந்த நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை கேக் என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் தப்பு செய்தவர் தன் கையால் சுட்ட கேக்கோடு வர வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. காபி நேரத்தில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்து, என்ன தப்பு என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கடைசியில் தட்டுகளையும் கோப்பைகளையும் கையாலேயே கழுவி வைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதைத் தொடக்கூடாது. கேக் தீர்ந்தால் தப்பும் தீர்ந்தது. அதன்பிறகு அதைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. மோகென்ஸ் ஒருமுறை இயந்திரக் கையைக் கூரை விளக்குக்குள் அனுப்பிவிட்டு ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். நிறுவனத்தை நடத்தும் பிர்கிட்டெயே, எந்த இயந்திரத்துக்கும் பொருந்தாத திருகாணிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்ததற்குச் சுட்டிருக்கிறார்.

எஸ்பெனுக்கு இது தாங்கவில்லை. இது பொறியியல் நிறுவனமா பாவமன்னிப்புக் கூண்டா என்று கேட்டான். தப்பை வெண்ணெயில் குழைத்து அடுப்பில் வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டான். இயந்திரம் இருக்க ஏன் கையால் கழுவுகிறீர்கள், இது சுகாதாரமா நாடகமா என்று கேட்டான். கேட்டுவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டான். சேர்ந்த நாள் முதல் அவன் ஒரு கேக்கும் சுட்டதில்லை, ஒரு கேக்கையும் விட்டதில்லை. அவன் தப்பே செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அவன் செய்த தப்புகள், அவன் பொறுமையாக விளக்கி முடிக்கும்போது, சப்ளையர் செய்ததாகவோ அறை வெப்பநிலை செய்ததாகவோ மாறிவிடும்.

இலையுதிர் காலத்தில் வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றார் பிர்கிட்டெ. தலைவர் என்றால் ஆட்களை வளர்க்கத் தெரிய வேண்டும் என்று சொல்லி, பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வந்த லீவா என்ற பெண்ணை எஸ்பெனிடம் ஒப்படைத்தார். எஸ்பென் முதல் நாளே அவளுக்கு, வழிகாட்டி என்பவர் ஒரு விளக்கு என்று தொடங்கும் ஒரு படக்காட்சி போட்டுக் காட்டினான். லீவா கடைசிவரை பார்த்தாள்.

"நல்லா இருக்கு. சுவிட்ச் எங்க இருக்கு?" என்றாள்.

அவளுக்குக் கிடைத்த வேலை நுரைமிட்டாய். மெல்லிய சாக்லேட் தோல், உள்ளே முட்டை வெண்கருவை அடித்த நுரை. எந்தக் குழந்தையின் பிறந்தநாளிலும் மேசையில் இருக்கும். முறைத்துப் பார்த்தாலே நசுங்கும். அதை இயந்திரக் கை எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும் என்று ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை கேட்டிருந்தது. லீவா சிலிகான் விரல்கள் மூன்றை வடிவமைத்து, வார்த்து, கிழித்து, மறுபடி வார்த்து, ஒரு வழியாக நுரைமிட்டாய்க்கு நோகாமல் தூக்குகிற நிலைக்குக் கொண்டுவந்தாள். ஒரே குறை, கை மெதுவாகப் போனது. தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல் வைத்தது.

தொழிற்சாலைக்காரர்கள் பார்க்க வருவதற்கு முந்தைய மாலை, லீவா போனபிறகு, எஸ்பென் அதை ஓடவிட்டுப் பார்த்தான். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இதைப் பார்க்கவா மூன்று பேர் கார் ஓட்டி வருவார்கள்? வேகத்தைக் கூட்டினான். வேகத்தில் நழுவாமலிருக்கப் பிடியை இரண்டு மில்லிமீட்டர் இறுக்கினான். சோதித்துப் பார்க்க நிஜ நுரைமிட்டாய் ஒன்றும் மிச்சமில்லை, சோதனைக்கு வாங்கியதை எல்லாம் அலுவலகம் தின்று தீர்த்திருந்தது, அதில் பெரும்பங்கு எஸ்பெனுடையது. அதனால் பிளாஸ்டிக்கில் அச்செடுத்து வைத்திருந்த மாதிரிகளைக் கொண்டு சோதித்தான். பிரமாதமாக வேலை செய்தது. லீவாவிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். காலையில், அவளே பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலை மேலாளரின் கண்முன்னால், அவர்கள் கொண்டுவந்திருந்ததில் முதல் நுரைமிட்டாயை இயந்திரக் கை பிடித்தது. பிடித்ததும் அது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதன் தோல் ஒரு பக்கமும் நுரை மேலாளரின் சட்டைக் கையிலுமாகப் பிரிந்தன. மோகென்ஸ் ஓடிப்போய் நிறுத்தினார்.

"இந்த விரலையெல்லாம் யார் பண்ணது?" என்று மேலாளர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"எங்க பயிற்சிப் பொண்ணு," என்றான் எஸ்பென். "முதல் முயற்சி. கத்துக்கிட்டிருக்கா. நாம எல்லாரும் இப்படித்தான தொடங்கினோம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிற்பாடு அவனைத் தின்றது அந்தச் சொற்களும் அல்ல. சொன்ன குரலில் இருந்த கனிவுதான். எல்லோரும் திரும்பி லீவாவை அதே கனிவோடு பார்த்தார்கள். அவளுக்குக் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தது. வந்தவர்கள் போனதும் விரல்களைத் தானே கழற்றி, துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். எஸ்பென் அன்று மாலை எண்களைப் பழையபடி மாற்றி வைத்தான். அந்த வாரத்தில் அவன் பிழையில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை லீவா கேக் கொண்டுவந்தாள். மேலே தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் உருகிப் பொன்னிறத்தில் படிந்த கேக். விரல்களைச் சரியாகச் சோதிக்காமல் விட்டதாகச் சொன்னாள். அடுத்தமுறை கவனமாக இருப்பதாகச் சொன்னாள். இரண்டே வாக்கியம். எல்லோரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். எஸ்பெனுக்குப் பெரிய துண்டாக வந்தது. அதை முழுதும் தின்றான். தின்னாமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

திங்கட்கிழமை அவள் அவன் மேசைக்கு வந்தாள்.

"நான் கையேடு எழுதுற குழுவுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை பிர்கிட்டெகிட்ட சொல்லிடணும். இறுதி புராஜெக்டும் அங்கயே."

"எதுக்கு? நீ டிசைனுக்குத்தான வந்த?"

"எனக்கு வராது எஸ்பென். ஏனோதானோன்னு பண்ணது சொதப்பியிருந்தா பரவால்ல. அது நான் பார்த்துப் பார்த்துப் பண்ணது." அவள் போகத் திரும்பியவள் நின்றாள். "அன்னைக்கு அந்தாள் முன்னாடி எனக்காகப் பேசின இல்ல. தேங்க்ஸ்."

எஸ்பென் தலையாட்டினான். அதைச் செய்வதற்குக் கழுத்து எப்படி ஒத்துழைத்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் வழக்கத்தின் பக்தனானான். கேக் தீர்ந்தால் தப்பும் தீர்ந்தது, அல்லவா? மறுபடி எடுத்தால் மரபை மீறியதாகிவிடும். உறுதிப்படுத்திக்கொள்ள மோகென்ஸிடம் போய், முடிந்துபோன விஷயத்தை யாராவது திரும்பப் பேசலாமா என்று விசாரித்தான். எந்த விஷயம் என்றார் அவர். பொதுவாகக் கேட்டேன் என்றான். பொதுவாகக் கூடாது என்றார். எஸ்பெனுக்கு அப்பாடா என்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக, இந்த வழக்கத்தில் நம் முன்னோரின் ஆழ்ந்த அறிவு ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

அதனால் லீவாவுக்கு நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்று முயன்றான். கையேடு எழுதுவதும் ஒரு கலைதான் என்றான். அவள், "நீ இதுவரைக்கும் ஒரு கையேடாவது பிரிச்சுப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்பதால் பேச்சு அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை காபி குடிக்கப் போனபோது சமையலறை மேசை ஆடவில்லை. அந்த மேசை அவன் வந்த நாளிலிருந்து ஆடிக்கொண்டிருப்பது. கோப்பையை வைத்தால் ஒரு பக்கம் சாயும், எல்லோரும் அதற்கேற்ப அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். எஸ்பென் குனிந்து பார்த்தான். காலுக்கு அடியில் ஒரு சிலிகான் விரல் மடிந்து கிடந்தது.

"சும்மாதான டப்பால கிடந்துச்சு," என்றாள் பின்னால் வந்த லீவா. "இதுக்காவது ஆகட்டும்னு வெச்சேன்." அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். கோப்பை நிறைய ஊற்றிக்கொண்டு போனாள்.

எஸ்பென் நேராக மோகென்ஸிடம் போனான். சுலபமான கேக் ஏதாவது தெரியுமா என்று கேட்டான்.

மோகென்ஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல."

"ஒண்ணும் உடையாம எங்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்லடா." ஆனாலும் சொன்னார். முட்டை, சர்க்கரை, மாவு, வெண்ணெய். வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பைத் திறந்து திறந்து பார்க்காதே என்றார்.

அன்று மாலை, மனிதனின் கையைத் திருத்தப் பிறந்தவன் ஒரு முட்டையை உடைத்தான். தேவைக்கு மேல் அழுத்தியதில் ஓடும் கருவும் ஒன்றாகக் கிண்ணத்துக்குள் விழுந்தன. ஓட்டுத் துணுக்குகளைப் பொறுக்க விரலை விட்டால் அவை விலகி விலகி ஓடின. அடுத்த முட்டையை மெதுவாக உடைத்தான். அடுப்பைத் திறந்து திறந்து பார்த்தான். கேக் நடுவில் குழி விழுந்து, யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல் வந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து சமையலறை மேசையில் தட்டுகளை வைத்தான். காபி போட்டான். நிதானமாக, காரணங்களோடு விளக்கும் ஒரு நல்ல உரை அவன் தலைக்குள் தயாராக இருந்தது. தொழிற்சாலை அந்த நுரைமிட்டாய்களைக் குளிரில் வைத்துக் கொண்டுவந்ததா என்ற கேள்வியும் அதில் இருந்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்து, கேக்கையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. அவன் வெட்டினான். ஒவ்வொரு தட்டிலும் வைத்தான். நின்றான்.

"அவங்க வர்றதுக்கு முந்தின சாயங்காலம் நான் லீவா வெச்ச வேகத்தைக் கூட்டி, பிடியை ரெண்டு மில்லிமீட்டர் இறுக்கிட்டேன், அவகிட்ட சொல்லல. நசுக்கினது அவ விரல் இல்ல, நான்தான், யார் பண்ணதுன்னு கேட்டப்ப அவளைக் காட்டினதும் நான்தான்."

வெப்பநிலை என்ற சாக்கு நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினான்.

மோகென்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஒரே தப்புக்கு ரெண்டு கேக்கா? அதுக்கு வழக்கத்துல இடமில்லையே."

"முதல் கேக் செல்லாது," என்றார் பிர்கிட்டெ. "வேற ஆளு தப்புக்குச் சுட்டது." பிறகு எஸ்பெனைப் பார்த்து, "வேற சில விஷயம் இருக்கு. திங்கக்கிழமை பேசுவோம்," என்றார். எந்த விஷயம் என்று அவனுக்குத் தெரியும். குழுவின் தலைவர் பதவி அந்தக் குரலில் ஏற்கெனவே இல்லை.

லீவா தட்டைத் தொடவில்லை. வழக்கப்படி யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அவள் கேட்டாள்.

"ஏன்?"

"மெதுவாப் போச்சு. பார்க்க நல்லா இல்லன்னு நெனச்சேன்."

"யாரு பார்க்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து மேசைக் காலைத் தூக்கி, சிலிகான் விரலை உருவி எடுத்தாள். மேசை சாய்ந்தது, கோப்பைகளிலிருந்து காபி தளும்பி எஸ்பென் சுட்ட கேக்கில் மிச்சமிருந்த குழியில் போய்த் தேங்கியது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சோதனைக் கூடத்துக்குப் போனாள். சொல்ல வேண்டிய கெடு அன்றுதான், ஆனாலும் பிர்கிட்டெ அவளிடம் எந்தக் குழு என்று கேட்கவில்லை.

மற்றவர்கள் தின்று முடித்தார்கள். கொஞ்சம் ஓடு அகப்படுகிறது, ஆனால் மோசமில்லை என்றார் மோகென்ஸ். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

எஸ்பென் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். கழுவும் இயந்திரத்தின் திறந்திருந்த கதவை முழங்காலால் தள்ளி மூடினான். தொட்டியில் வெந்நீரை நிரப்பி, சோப்பு ஊற்றி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டான். கூடத்திலிருந்து இயந்திரக் கை ஓடும் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, எதையோ எடுத்து எதிலோ வைத்துக்கொண்டிருந்தது. அவன் போய்ப் பார்க்கவில்லை. கோப்பைகளைக் கழுவினான், தட்டுகளைக் கழுவினான், கடைசியாக லீவாவின் தட்டை எடுத்து, தொடப்படாத துண்டைக் குப்பைக் கூடையில் தள்ளிவிட்டு, அதையும் இரண்டு பக்கமும் தேய்த்தான்.