வலப்பக்கம் சாய்ந்து உட்காரவும்

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தலையில் ஹெல்மெட் இல்லாமல் எவனாவது நடமாடினால் கொதித்துப் போவார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் மஞ்சள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'ஜாக்கிரதை'. அப்பேர்ப்பட்ட ஜாக்கிரதையின் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டமென்றால் லேசுப்பட்ட ஆட்டம் இல்லை. உட்கார்ந்தால் இடப்பக்கம் ஒரு சரிவு. எழுந்தால் ஒரு குலுக்கல். கோப்பைக்கு அடியில் இடப்பக்கத்து சிமென்ட் உதிர்ந்து, தரையோடு பிடித்து வைக்கும் போல்ட்டும் துருவேறி இற்றுப்போயிருந்தது. "கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். பார்த்தார். மறுநாள் ஆபீஸிலிருந்து லேமினேட் செய்த அறிவிப்பு ஒன்று வந்து ஃபிளஷ் டேங்குக்கு மேலே குடியேறியது. 'மெதுவாக உட்காரவும். வலப்பக்கம் சாய்ந்து உட்காரவும். எழும்போது சுவரைப் பிடிக்கவும்.' சுற்றிலும் சிவப்புக் கட்டம் வேறு. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அறிவிப்பு யாருக்கு, சுவரில் இருக்கும் பல்லிக்கா?

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அந்த வாரக் கடைசியில் தம்பி போன் செய்தான். அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அப்பா அவனோடுதான் இருந்தார். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

"அக்கா, அங்க குடுத்திருக்கிற வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நீ அப்பாவை வச்சுக்கிறியா? இல்லன்னா இங்கயே ஒரு ஹோம்ல சேர்த்துடலாம். நான் கிளம்பறதுக்குள்ள சொல்லு."

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா?" என்று சொல்லிவிட்டு ஜாக்கிரதையைப் பார்த்தேன். பேப்பரை நிதானமாக மடித்தார்.

"தாராளமா வரட்டும், எனக்கென்ன? ஆனா இந்த டாய்லெட்ல அவரு எப்படி உட்காருவாரு? இன்னொரு தடவை விழுந்தா யாரு பதில் சொல்றது? முதல்ல இதைச் சரி பண்ணிடுவோம்."

என் அப்பா மேல் இவ்வளவு அக்கறையா என்று உருகிப் போனேன். என் புத்தியை என்னவென்று சொல்வது! அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. பிளம்பர் வெளியூர் போயிருக்கிறார். வந்துவிட்டார், ஆனால் காய்ச்சல். கோப்பையையே மாற்ற வேண்டுமாம். மாற்றினால் தரையை உடைக்க வேண்டுமாம். தரையை உடைத்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாராம். ஒரு போல்ட்டுக்காக ஊரையே இழுத்துவிட்டார். தம்பி கேட்கும்போதெல்லாம் நான் மழுப்பினேன். கடைசியில் ஒருநாள், "ஹோம்ல பேசிட்டேன்க்கா, நாளான்னிக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றான். அவனுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அவளைத் தொந்தரவு பண்ணாதடா, பாவம்."

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் அந்தத் துருப்பிடித்த போல்ட்டை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார்தான் வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா? போல்ட், பிளக், வெள்ளை சிமென்ட் எல்லாம் போன மாசமே வாங்கிட்டாரே. ரொம்ப இறுக்கிடாதீங்க, பீங்கான் விரிசல் விட்டுடும்னுகூடச் சொல்லி அனுப்பினேன்."

போன மாதம் என்றால் தம்பி போன் செய்வதற்கு முன்பு.

வீட்டில் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. என் மனுஷன் எதை ஒளித்தாலும் ஷூ ரேக்கில் பாலீஷ் டப்பாவுக்குப் பின்னால்தான். கடைக்காரர் போட்ட முடிச்சு அவிழாமல் பை அப்படியே இருந்தது. சரி செய்யத்தான் வாங்கியிருக்கிறார். அப்பா வரப்போகிறார் என்றதும் பை ஷூக்களுக்கு நடுவே பதுங்கிவிட்டது. 'உங்கப்பா இங்கே வேண்டாம்' என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குக்கூடத் துப்பில்லை. தன் வாயால் சொல்ல வேண்டியதை டாய்லெட்டை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

வாஷிங் மெஷினை ஓடவிட்டுவிட்டு பாத்ரூம் தரையில் உட்கார்ந்தேன். பழைய போல்ட்டுகளைத் திருகி எடுத்தேன். உதிர்ந்த சிமென்டைச் சுரண்டி வழித்தேன். ஓட்டைகளுக்குள் புது பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, அதில் புது போல்ட்டுகளைச் செருகி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். அடியில் சுற்றிலும் வெள்ளை சிமென்டைக் குழைத்துப் பூசினேன். மொத்தத் தொழிற்சாலையையும் கட்டிக் காக்கிற பெரிய மனிதரால் முடியாத வேலை, மெஷின் துணியைப் பிழிந்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு தம்பிக்கு போன் போட்டேன். "ஹோமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அப்பாவை இங்க கூட்டிட்டு வா."

சாயங்காலம் ஜாக்கிரதை வந்தார். வழக்கம்போல பாத்ரூமுக்குள் போனார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பிளம்பர் வந்தாரா?"

"இல்ல."

சாப்பாட்டு மேஜைமேல் காலிப் பை கிடந்தது. அதைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"உங்கப்பா... எவ்வளவு நாள் இருப்பாரு?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் இத்தனை நாள் நாடகம்.

"உயிரோட இருக்கிற வரைக்கும்" என்றேன்.