கூரையில் ஓர் ஓட்டை

பொம்மை விற்பதற்காக எடுக்கப்படும் கார்ட்டூன் படங்களுக்கு நான் கதை வசனம் எழுதுகிறேன். இவை தியேட்டர் பக்கமே போகாது. பொம்மைப் பெட்டிக்குள் டிஸ்க்காக வைத்து விற்பார்கள். இதைச் சொன்னால் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் இதில் கிடைக்கும் சுதந்திரம் வேறெங்கும் கிடையாது. கம்பெனிக்காரர்கள் முதல் பத்து நிமிடத்தைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். பெட்டியில் உள்ள பொம்மையெல்லாம் வந்துவிட்டதா, நிறம் சரியா, அவ்வளவுதான். மீதி ஐம்பது நிமிடம் நம் ராஜ்ஜியம்.

கட்டுப்பாடுகளும் உண்டு. எனக்கு அவையும் பிடிக்கும். பொம்மையால் முடியாததைப் படத்திலும் செய்யக் கூடாது. எங்கள் மிருகங்களுக்கு முழங்கை மடங்காது. கழுத்து இடமும் வலமும் திரும்பும். அண்ணாந்து பார்க்க முடியாது. சிரிப்பு முகத்தில் அச்சடித்தது. பிறகு சோகத்தை எப்படிக் காட்டுவது? நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது முயலை மட்டும் முப்பது படங்களுக்கு, அதாவது இரண்டரை நொடிக்கு, அசையாமல் நிறுத்திவிட வேண்டும். மற்றவர்கள் அசைந்துகொண்டே இருக்கட்டும். சிரிப்பு அதேதான். பார்ப்பவருக்கு அது சோகமாகத் தெரியும்.

நான்காவது படத்துக்குக் கூப்பிட்டபோது, விற்பனை மேலாளர் அம்மா எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "இந்தத் தடவை ஒட்டகச்சிவிங்கி கிடையாது. லாரியில போகும்போதே கழுத்து ஒடிஞ்சிடுது. நிறுத்திட்டோம்."

"அப்போ பஸ்?"

மிருகங்கள் போகும் பஸ்ஸின் கூரையில், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வெளியே நீட்டுவதற்கென்றே வட்டமாக ஓர் ஓட்டை உண்டு.

"பஸ்ஸை வார்க்கிற அச்சை மாத்த முடியாது. ஓட்டை இருக்கட்டும்."

"குழந்தைங்க கேக்குமே, எங்கேன்னு."

"ஊருக்குப் போயிருக்கு, சீக்கிரம் வந்துடும்னு ஒரு வரி போட்டுடுங்க. இதுக்கெல்லாம் போய் மண்டைய ஒடைச்சிக்காதீங்க."

அந்த வரியை நான் எட்டு மாதங்களாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பவில்லை. அவர்களுடைய மகள் வாண்டுவுக்கு ஐந்து வயது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், சீக்கிரம் வந்துவிடுவாள் என்று தம்பி அவளிடம் சொல்லிவைத்திருந்தான்.

"எத்தன நாளைக்குடா அவ ஊர்லயே இருப்பா?" என்று கேட்டேன்.

"அக்கா, நீ ஊர் உலகத்துக்கே எல்லாத்தையும் விளக்குவ. இத மட்டும் விட்டுடு. கொஞ்சம் தெம்பு வரட்டும், நானே சொல்றேன்."

யாருக்குத் தெம்பு வரவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. என் வாயால் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். முயலின் வாயைப் பற்றி யாரும் சத்தியம் வாங்கவில்லை.

நாற்பதாவது நிமிடத்தில் அந்தக் காட்சியை வைத்தேன். மழை. ஓட்டை வழியாகத் தண்ணீர் பஸ்ஸுக்குள் விழுகிறது. முயலால் அண்ணாந்து பார்க்க முடியாது. அதனால் ஓட்டைக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொள்கிறது. யானை கேட்கிறது: "மூடிடலாமா?" முயல் சொல்கிறது: "வேணாம். அவன் இனிமே வரமாட்டான். எனக்குத் தெரியும். இருந்தாலும் மூட வேணாம்." பிறகு முப்பது படங்களுக்கு அசைவில்லை.

ஒலிப்பதிவுக்காரரை எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "பொம்மைப் படத்துல ஏம்மா தாயே இப்படி அழ வைக்கிற? கம்பெனிக்காரங்க பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் பெட்டியில போட்டு வித்துடுவாங்க."

"நாப்பதாவது நிமிஷம்லாம் யார் பாக்கப் போறாங்க?" என்றேன்.

பொம்மைப் பெட்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி கடைக்குப் போயிருந்தான். வாண்டு என் மடியில் சாய்ந்து டிஸ்க்கைப் பார்க்கத் தொடங்கினாள். ஐந்தாவது நிமிடத்திலேயே கேட்டாள்: "ஒட்டகச்சிவிங்கி எங்க, அத்தை?"

"பாரு, சொல்வாங்க."

அவள் அழுவாள். அழுதால் அணைத்துக்கொள்ளலாம், கேட்டால், மெல்ல மெல்லப் பேச்சை அம்மா பக்கம் திருப்பலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

மழை வந்தது. முயல் மல்லாந்து படுத்தது. யானை கேட்டது: "மூடிடலாமா?"

"வேணாம்," என்றது முயல். "அவன் ஊருக்குப் போயிருக்கான். சீக்கிரம் வந்துடுவான். அதுவரைக்கும் திறந்தே இருக்கட்டும்."

வாய் திறக்காத பொம்மைக்கு எந்தக் குரலையும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு படத்தைக்கூடத் திரும்ப வரைய வேண்டியதில்லை. யாரோ நாற்பதாவது நிமிடத்தையும் பார்த்திருக்கிறார்கள். முப்பது படங்களும் நான் நிறுத்திய இடத்தில் அப்படியே இருந்தன. முயல் அசையாமல் கிடந்தது. ஆனால் அது இப்போது துக்கத்தில் கிடக்கவில்லை. காத்திருந்தது.

வாண்டு துள்ளி எழுந்து என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். "பாத்தீங்களா அத்தை! ஊருக்குத்தான் போயிருக்கு! நான் அம்மா இனிமே வரவே மாட்டாங்களோன்னு நெனச்சிட்டேன். பைத்தியம் நானு!"

ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினேன்.

"நீ நெனச்சது சரிதான்டா தங்கம்," என்றேன். "அம்மா வரமாட்டாங்க. செத்துப்போயிட்டாங்க."

என் முகத்தையே பார்த்தாள். "செத்துப்போறதுன்னா எப்படி?"

எதையும் விளக்கத் தெரிந்தவள் நான். இதயம் என்று ஒன்று இருக்கிறது, ராத்திரி பகலாக ஓடும், அம்மாவுக்குக் காய்ச்சல் ரத்தத்தில் கலந்து அது நின்றுவிட்டது, நின்றால் மூச்சு வராது, வலியும் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"திரும்ப ஓட வைக்க முடியாதா?"

"டாக்டருங்க ரொம்ப நேரம் பாத்தாங்க. முடியல."

அவள் அழவில்லை. என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"பாவம்," என்றாள். தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள். "நான் அழுவேன்னு சொல்லாம வச்சிருந்தாங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

கீழே தம்பியின் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும்னு நீங்களே சொல்லிடுங்க அத்தை. எனக்குப் பயமா இருக்கு."

படியில் அவன் ஏறி வருவது கேட்டது. இரண்டு கைகளிலும் பை கனத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தான்.