புளி போட்டுத் தேய்த்த வாளி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாளியின் ஓட்டை வழியாகக் கிடைத்தது. வரும்போதே பாதி ஒழுகிவிட்டது, மிச்சத்தை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘1978. காரைக்கால் கடைத்தெருவில் சோமசேகரன் தன் கடை வாசலில் தொங்கவிட்ட துத்தநாகம் பூசிய வாளிகளின் பளபளப்பைப் பார்த்து, பக்கத்து விழிதியூர்ச் சேவல்களெல்லாம் நடு மத்தியானத்தில் கூவ...’

(அடித்துவிட்டேன். கூவியது இரண்டு சேவல்தான்.)

2

சோமசேகரனுக்குப் பக்கத்து ஊரான நெரவியிலிருந்து மங்கையர்க்கரசியைப் பேசியிருந்தார்கள். ஆவணியில் நிச்சயம், இன்னும் நாலே நாள். அன்றைக்கென்று பார்த்து, பெண்ணின் தாயார் பெரியநாயகி மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். தையில் வாங்கிய வாளியைக் கல்லாவின் மேல் டங்கென்று வைத்தாள். வாளி முழுக்கச் செந்துரு. அடியில் ஓட்டை.

“பத்து வருசத்துக்குத் துரு அண்டாதுன்னீங்களே தம்பி! வாளிக்குக் குடுத்த வாக்கே இந்த லட்சணம்னா, எம் பொண்ணுக்குக் குடுக்கிற வாக்கு எத்தன நாளைக்குத் தாங்கும்?”

சோமசேகரன் வாளியை எடுத்து மோந்து பார்த்தான். புளி வாசனை.

[கதையைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். துத்தநாகம் இரும்புக்கு வெறும் சட்டை இல்லை. சட்டையில் கீறல் விழுந்தாலும், தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நாளாக நாளாக மங்கும்; அந்த மங்கலும் காவல்தான். அதைப் பித்தளைக் குடம் மாதிரி புளி போட்டுத் துலக்கினால், காவல்காரனையே கழுவி ஊற்றியதாகும். இதை நான் உவமையாக்குவேன் என்று காத்திருப்பவர்கள் ஏமாறலாம்.]

3

உண்மையைச் சொன்னால் மாமியார் மேல் குற்றம். சொல்லாவிட்டால் இவன் பொய்யன். இரண்டிலும் பெண் கைநழுவும்.

முடிவு ஒன்று: ‘அத்தை, புளி போட்டுத் தேய்ச்சது நீங்கதானே என்று அவன் கேட்க, பெரியநாயகி...’

(வேண்டாம். எனக்கே பயமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு:

“வாளி மட்டமான சரக்கு அத்தை. தப்பு எம்மேலதான்.”

“அதெல்லாம் இல்லைங்க” என்றாள், அவன் வாளியை மோந்ததைக் கவனித்திருந்த மங்கையர்க்கரசி. “மங்கலாப் போச்சேன்னு நாந்தான் தெனமும் புளி போட்டுத் தேய்ச்சேன்.”

“நீயா? தின்ன தட்டையே கழுவ மாட்டே, நீ வாளி தேய்ச்சியாக்கும்! தேய்ச்சதெல்லாம் நானு!” பெரியநாயகி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். “ஏன் தம்பி, புளி ஆவாதா?”

“ஆவாதுங்க. ஆனா அத சொல்லாம வித்தது நாந்தானே அத்தை.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது பெரியநாயகி. அந்தச் சிரிப்பில் வாசல் வாளிகளெல்லாம் கணகணவென்று ஆடின. (இதை அடிக்க மாட்டேன்.)

4

நிச்சயம் நடந்தது. கல்யாணமும் நடந்தது. ஆனால் வாளியைத் தேய்த்தது தாயா, மகளா? இத்தனை பேர் போட்டி போட்டுக்கொண்டு பழியை வாங்கிக்கொண்டால் எழுதுகிறவன் என்ன செய்வான்? நீங்களே தீர்த்துவையுங்கள். கல்யாண ரசத்தில் புளிப்பு போதவில்லையென்று மட்டும் என்னிடம் வராதீர்கள். நெரவியில் அந்த வருசத்துப் புளி ஆவணிக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.