வளைவுக்குப் போன தண்ணீர்

அப்பா ருஸ்தமின் இறுதிச் சடங்கில், வழக்கப்படி மூன்று முறை கேட்கும் கேள்வியை இமாம் இரண்டாவது முறை கேட்டபோது பின்னாஸ் பெண்கள் வரிசையை விட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ருஸ்தம் மேல உங்களுக்கு என்ன குறை இருந்தாலும் மன்னிச்சீங்களா?"

"மன்னிச்சோம்," என்றது பள்ளிவாசல் முற்றம். முதல் வரிசையில் நின்ற விமான நிலைய இயக்குநர் நெஜ்தெத்தின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. பெரிய மலர்வளையம் வேறு அனுப்பியிருந்தார். மன்னிக்க வேண்டியவர் யார், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்று மனுஷனுக்குக் குழம்பிப் போயிருக்க வேண்டும்.

சித்தப்பா செலாமி அவள் கையைப் பிடித்தார். "இங்க வேணாம்மா. விசாரணையில சொல்லிக்கலாம்."

"ஏர்போர்ட்காரங்களே விசாரிச்சு அவங்களே அறிக்கையும் குடுத்துட்டாங்க சித்தப்பா. தீயணைப்பு வண்டி ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சாம். அதோட சரி."

வண்டி வந்தது உண்மைதான். ஓடுபாதையைத் தாண்டி வயலில் இறங்கி எரிந்த விமானத்துக்குள்ளிருந்து அப்பா போனில் சொன்னார்: "தீயணைப்பு வண்டி வந்துடுச்சும்மா, பயப்படாத. தண்ணி அடிக்கிறாங்க." கொஞ்சம் பொறுத்து, "நின்னுடுச்சே. ஏன் நிறுத்திட்டாங்க?" அதன்பின் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. அங்காராவில் கண் அறுவை முடித்தவர் பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டாமென்று அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். 

சித்தப்பாவின் கையை உதறிவிட்டு, பச்சைத் துணி போர்த்திய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஹோஜா, ஒரு நிமிஷம்," என்று இமாமை நிறுத்தினாள். "எங்கப்பா டீக்கடைக்காரர். என்னைக்காவது ஆறின டீ குடுத்திருப்பார், அதையும் எல்லாரும் மன்னிச்சுட்டீங்க. இப்ப அவர் சார்பா நான் கேக்கறேன். நெஜ்தெத் ஐயா, தண்ணி ஏன் நின்னுச்சு?"

"மகளே, துக்கத்துல பேசற. எங்க பசங்க உயிரைப் பணயம் வச்சு வேலை பார்த்தாங்க. எல்லாம் விதிமுறைப்படிதான்..."

"விதிமுறை இருக்கட்டும். தண்ணி?"

 கடைசி வரிசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். தீயணைப்பு வண்டி ஓட்டுகிற ஓர்ஹுன். ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது.

"தொட்டியில தண்ணி இல்லக்கா."

"ஓர்ஹுன்! வேலை வேணுமா வேணாமா?" என்று கத்தினார் நெஜ்தெத்.

"நீங்களே வச்சுக்கங்க." அவன் அவளைப் பார்த்தே பேசினான். "அன்னைக்குக் காலைல புது இஸ்தான்புல் விமானம் முதல் தடவையா வந்துச்சு. ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்தி, அது மேல வளைவாத் தண்ணி அடிச்சு வரவேற்கச் சொன்னாரு இவரு. போட்டோ சரியா விழலன்னு இன்னொரு தடவை. ரெண்டு வண்டியும் காலி. ரொப்பறதுக்குள்ள விருந்துக்குக் கூப்பிட்டாங்க. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். போய் உக்காந்து சாப்பிட்டேன். மிச்சத் தண்ணி அரை நிமிஷம்தான் வந்துச்சு. கோர்ட்லயும் இதைத்தான் சொல்லுவேன்."

பின்னாஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். 

"அப்பா சார்பா இவரை நான் மன்னிக்கல. இந்த ஊரே சாட்சி. ஹோஜா, மூணாவது தடவை கேளுங்க."

 இமாம் கேட்டார். "மன்னிச்சோம்," என்றது முற்றம். இந்தத் தடவை நெஜ்தெத்தின் குரல் கேட்கவில்லை.

தொழுகை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது அவரும் தோள் கொடுக்க வந்தார். செலாமி குறுக்கே நின்றார். "இங்க ஆள் இருக்கு ஐயா."

கல்லறையில் மண் தள்ளி முடித்ததும், மேலே ஊற்றுவதற்கு ஓர்ஹுன் குழாயடியிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தான். சட்டைக் கையெல்லாம் நனைந்திருந்தது. அவன் நீட்டியதைப் பின்னாஸ் உடனே வாங்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள்.

விளிம்புவரை இருந்தது. வாங்கி, தலைமாட்டிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள்.