நாற்பதாவது கோடு

மலர்கொடியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பைக் நடை வேகத்தில் உறுமிக்கொண்டே வந்தது. ஓட்டி வந்த அறிவழகன், மாரத்தானை நடத்தும் குழுவின் தொண்டர். கழுவெளி ஏரியைச் சுற்றி ஓடி மரக்காணத்தில் முடியும் இந்த ஓட்டத்தில், கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அவர் வேலை. கொடுத்த நேரம் தீர்ந்ததும் அவர் அந்த ஆளை முந்திப் போவார். முந்திவிட்டால் அந்த ஆளுக்கு ஓட்டம் முடிந்தது. பதக்கம் கிடையாது. பைக் போய்ச் சேர்ந்ததும் எல்லைக்கோட்டு வளைவையும் கழற்றிவிடுவார்கள்.

தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற மலர்கொடியை, இதற்கு முன் இரண்டு ஊர்களில் இப்படி முந்தியிருக்கிறார்கள். இந்த முறையும் முடிக்காவிட்டால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஏரியைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் இந்த ஓட்டத்துக்கு வருகிறார்கள். அவள் பார்க்கவில்லை. இருட்டில் புறப்பட்டபோது சேற்று வாடையும் எங்கிருந்தோ வந்த பறவைச் சத்தமும்தான் இருந்தன. விடிந்த பிறகும் அவள் கண் காலுக்கு முன்னால் இருந்த மண்ணை விட்டு எழவில்லை. காது பைக்கின் மேல் இருந்தது.

"மேடம், தண்ணி குடிச்சீங்களா?"

"பேச வைக்காதீங்க சார். மூச்சு வாங்குது."

"சரிங்க, சரிங்க." சற்றுப் பொறுத்து அவரே தயங்கிச் சொன்னார். "நாப்பதாவது கிலோமீட்டர் கோடு வரைக்கும்தாங்க என்னால நேரத்தை இழுக்க முடியும். அதுக்கு மேல நான் தாண்டியாகணும். ரூல்ஸ்."

 பாதை ஏரிக்கரையை விட்டு உப்பளத்துக்குள் நுழைந்திருந்தது. ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம், ஒரு பைக் ஜாக்கிரதையாகப் போகலாம் என்கிற அகலத்தில் ஒரு மண்கரை. ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால். மறு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்திகள். தை மாதம் அது. உப்பு விளையும் பருவத்துக்காகப் பாத்திகளின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கிக் காயவிட்டிருந்தார்கள். கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கரையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்தில் எண் எழுதியிருந்தது. முப்பத்தெட்டைத் தாண்டினாள். முப்பத்தொன்பதைத் தாண்டினாள்.

நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் கரையே இல்லை.

இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. வாய்க்காலில் இருந்து உப்புத்தண்ணீர் அதன் வழியாகப் பாத்திக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மண்வெட்டியோடு ஒருவரும், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள்.

"ஐயய்யோ, இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்குதா?" என்றாள் அந்தப் பெண்.

அறிவழகன் பைக்கை நிறுத்தி இறங்கினார். "ஏங்க, யாரு இதை வெட்டுனது? இங்க ரேஸ் நடக்குதுங்க!"

"எல்லாரும் ஓடி முடிச்சு ரொம்ப நேரம் ஆச்சுன்னுதான் வேலைய ஆரம்பிச்சோம்," என்றார் மண்வெட்டிக்காரர். முருகையன் என்று பெயர். "எங்க ஓனரு சாயந்தரமே கரையில சுண்ணாம்புக் கோடு போட்டு நம்பர் எழுதிட்டுப் போயிடுவாரு. காலையில அந்த எடத்துல வெட்டி, அந்த நம்பர் பாத்திக்குத் தண்ணி விடணும். நாப்பதுன்னு போட்டிருந்துச்சு. வெட்டிட்டேன்."

"அது கிலோமீட்டருங்க!"

முருகையன் ஒரு கணம் யோசித்தார். பிறகு திரும்பித் தொலைவில் பார்த்துக் கையை வாயருகே குவித்துக் கத்தினார். "டேய் தனக்கோடி! நாப்பத்தொண்ண வெட்டாதடா! டேய்!"

தூரத்தில் ஓங்கிய மண்வெட்டி ஒன்று அப்படியே நின்றது.

"சரி, இதை அடைச்சிடுங்க. வண்டி போகணும்."

"இப்ப அடைக்க முடியாதுங்க. பாதி நனைஞ்சு பாதி காஞ்சா தரை வெடிச்சுப்போயிடும். தொறந்தா ரொம்பித்தான் ஆகணும்."

"பாத்தில எறங்கி ஓரமா ஓட்டிக்கவா?"

"எறங்கிப் பாரு," என்றாள் அந்தப் பெண் சிரிக்காமல். "பதினஞ்சு நாளு மிதிச்ச காலு எங்களுது."

மலர்கொடி காத்திருக்காமல் வெட்டுக்குள் இறங்கினாள். முழங்கால் அளவுத் தண்ணீர். கொப்புளம் உடைந்த பாதத்தில் உப்பு ஏறியதும் கண் இருட்டியது. கால் வழுக்கியது. அந்தப் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுதுக்கா."

"எரியட்டும். சீக்கிரம் ஆறும். எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. ஆமா, அந்த ஆளு எதுக்கு உன் பின்னாலயே வர்றாரு?"

"அவரு என்னைத் தாண்டிட்டா நான் அவுட்டு."

அக்காவுக்கு இப்போது சிரிப்பு வந்தது. "ஏம்பா வண்டிக்காரரே! தாண்டுப்பா பாக்கலாம்!"

மலர்கொடி மேலே ஏறித் திரும்பிப் பார்த்தாள். அறிவழகன் தண்ணீரைப் பார்த்தார், வந்த பாதையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு போனை எடுத்தார்.

"ஆர்ச்சைக் கழட்டிடாதீங்க. கடைசி ரன்னர் வர்றாங்க. இல்லப்பா, நான் இன்னும் தாண்டல. தாண்டலன்னா தாண்டலதான், வேற என்னத்தச் சொல்ல?"

அவள் ஓடத் தொடங்கினாள். ஐம்பது அடி போனதும் என்ன மாறியிருக்கிறது என்று புரிந்தது. பைக் சத்தம் இல்லை. அதிகாலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. அந்த அமைதியில் மெல்லியதாக ஏதோ பொரியும் ஓசை கேட்டது. காய்ந்த களிமண் தண்ணீரை உறிஞ்சும் சத்தம். அவள் தலையை நிமிர்த்தினாள்.

தண்ணீர் அவள் கூடவே வந்துகொண்டிருந்தது. ஒரு பாத்தி நிறைந்து, வரப்பில் விட்டிருந்த இடைவெளி வழியாக அடுத்ததற்குள் நுழைந்தது. சாம்பல் தரையின் மேல் அது விரல் கனத்துக்குப் பரவியதும், அந்தப் பாத்தியில் தரை இல்லாமல் போனது. வானம் இருந்தது. மேகத்தின் ஓரம்கூடப் பிசகாமல் இருந்தது. அவள் ஓட ஓட, பக்கத்தில் ஒவ்வொரு சதுரமாக வானம் திறந்துகொண்டே வந்தது.

ஏரிப் பக்கம் நீண்ட வெள்ளைத் திட்டு ஒன்று அசைந்தது. உப்புக் குவியல் என்று நினைத்தாள். அது எழுந்தது. நூற்றுக்கணக்கான பூநாரைகள் கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நீட்டி, ஒரே வளைவாகத் திரும்பின. திரும்பியபோது எல்லா இறக்கைகளின் அடிப்புறமும் ஒரே சமயத்தில் சிவந்தது. அவள் தலைக்கு மேலே ஒரு கூட்டம் போனது. அவள் காலுக்குக் கீழே பாத்திகளில் இன்னொன்று போனது.

மலர்கொடி நின்றுவிட்டாள்.

நிற்கக் கூடாது என்று தெரியும். கால் இறுகிவிட்டால் மறுபடி கிளம்பாது என்றும் தெரியும். ஆனாலும் கடைசிப் பறவை போய் மறையும்வரை வாயைத் திறந்தபடி நின்றாள். இவ்வளவும் காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"ஏம்மா, நின்னுட்ட? ஓடு!" தூரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

ஓடினாள். கால் கிளம்பியது. நாற்பத்தொன்றாவது கோட்டில் தனக்கோடி மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, வெட்டாத கரையில் ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

மரக்காணத்து எல்லைக்கோட்டில் வளைவு இன்னும் நின்றது. அதன் கயிறுகளில் பாதி அவிழ்ந்திருந்ததால் தூணுக்கு ஒருவராக இருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அடியில் அவள் கடந்தாள். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள்.

"அறிவழகன் சார் எங்கங்க? பைக்கையே காணோம்?"

அவள் திரும்பிக் கையைக் காட்டினாள். வெகுதூரத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகக் கரை தெரிந்தது. அதன் மேல் ஒரு பைக்கும் ஒரு மனிதரும். பாத்திகள் எல்லாம் நிறைந்துவிட்டிருந்தன. மேலும் நீலம், கீழும் நீலம். நடுவில் அவர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.