ஒத்திகைக் குரல்

"இது உன் கொரல் இல்லன்னு சொல்லிடு தம்பி. மாதா மேல ஆணையா நான் வாய மூடிக்கினு உக்காந்துடறேன்."

"என் கொரல்தான் அங்கிள். ஆனா இன்னிக்குப் பேசினது இல்ல."

"கேட்டீங்களா எல்லாரும்? அவன் கொரல்தானாம். அவனே ஒத்துக்கினான்."

"முழுசா கேளுங்க அங்கிள். ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனில மாக் டிரில் நடந்துச்சு. கேஸ் கசிஞ்சா எப்டி வெளிய வரணும்னு சொல்லிக் குடுக்கற ஒத்திகை. அப்ப மைக்ல பேசினது."

"ரெண்டு வருஷம் முன்னாடி பேசினது இன்னிக்கு மத்தியானம் எப்டிப்பா என் போனுக்கு வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

பள்ளிக்கூடத்து மாடி வராந்தாவில் சிரித்தவர்கள்கூட உடனே நிறுத்திக்கொண்டார்கள். சிரிக்கிற விஷயமா அது. தானியேல் போனைத் தூக்கிப் பிடித்து மறுபடியும் போட்டார். எதிரே நின்ற தணிகைவேலின் குரல் அதிலிருந்து கணீரென்று வந்தது.

"அமோனியா கசிவு. அமோனியா கசிவு. எல்லாரும் உடனே கட்டடத்தை விட்டு வெளியே வாங்க. ஒருத்தர்கூட உள்ளே நிக்கக் கூடாது. ஈரத்துணியால மூக்கை மூடிக்குங்க."

புயல் முந்தின நாளே கரையைக் கடந்துவிட்டது. மழை மட்டும் கடக்க மறந்து கும்மிடிப்பூண்டியிலேயே தங்கிவிட்டது. எங்கள் அந்தோணியார் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆற்றோரத்தில் இருக்கும் நிலக்காரர் கலியனின் ஊரில் அதற்கும் மேலே. இரண்டு ஊரையும் கொண்டுவந்து ஒரே பள்ளிக்கூடத்து மாடியில் வைத்தார்கள். வராந்தாவின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் யாரும் கோடு போடவில்லை. ஆனாலும் ஒரு பாய்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

தானியேல் சின்ன வயதில் கலியனின் நிலத்தில் கூலிக்குப் போனவர். அப்புறம் இரும்புக் கம்பெனியில் சேர்ந்து, ஓய்வும் வாங்கி, சர்ச் கமிட்டியில் இடமும் பிடித்துவிட்டார். பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் பிரின்சிக்கு நிறைமாதம். அவள் புருஷன் ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போனவன், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டான். சின்னவள் ஜெனிபர் இறால் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். மீஞ்சூரில் ஜோஷ்வா என்ற பையனோடு அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. "எம்பொண்ணுங்க ஆம்பளைய நிமிந்து பாக்காதுங்க" என்று தானியேல் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தெருவில் மற்றவர்கள் பெற்ற பெண்களெல்லாம் வேலையே அதுவாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போல.

தணிகைவேல், கலியனின் ஒரே பிள்ளை. அதே இறால் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். அங்கே இறாலை உறைய வைக்க அமோனியா வேண்டும், அந்த டேங்குக்கு இவன்தான் காவல். கலியன் வீட்டில் யாரும் தானியேலை "ஏ தானியேலு" என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. இவன் மட்டும் அங்கிள் என்றான். வராந்தா அதைக் கவனிக்காமல் இல்லை. பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தது.

ஆடியோ முதலில் தானியேல் போனில்தான் கேட்டது. கேட்ட கையோடு அவர் தெரு குரூப்புக்கு அனுப்பினார், சர்ச் குரூப்புக்கு அனுப்பினார், ஓய்வு பெற்றவர்கள் குரூப்பையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அது மூன்று பக்கமிருந்து அவருக்கே திரும்பி வந்தது. "பாரு, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வாசனை வேறு. காலையில் பஞ்சாயத்து ஆட்கள் கீழே கக்கூஸ் பக்கம் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையிலிருந்தே அந்த நெடி இருந்தது. ஆடியோவுக்குப் பிறகுதான் எல்லார் மூக்கிலும் ஏறியது, கண்ணும் எரிந்தது. முகாம் பொறுப்பிலிருந்த குணசுந்தரி டீச்சர் கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூமுக்கு விடாமல் போன் அடித்தார். லைன் கிடைக்கவில்லை. "வேணும்னே எடுக்க மாட்டேன்றாங்க" என்று யாரோ சொன்னதும், கிடைக்காத லைனும் சாட்சிக் கூண்டில் ஏறிக்கொண்டது.

"டேங்க் வால்வை நானே மூடிட்டு வந்தேன். புயலுக்கு முன்னாடியே பிளாண்ட்ட நிறுத்தியாச்சு" என்றான் தணிகைவேல்.

"கம்பெனிக்காரன் வேற இன்னா சொல்லுவான்" என்றார் தானியேல். "லீக்குன்னு வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிடுவாங்க. அதான் பேசினத முழுங்கறான்."

"எம்புள்ள பொய் பேச மாட்டான்டா தானியேலு" என்று அந்தப் பக்கமிருந்து கலியன் முழங்கினார். முழங்கிவிட்டு, தலைத்துண்டை மழைத்தண்ணீரில் நனைத்து மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்குள் கீழே வரதனின் குட்டியானை வந்து நின்றது. வரதன் அந்தச் சின்ன டெம்போவில் காய்கறி விற்பவன், மேலே ஸ்பீக்கர் கட்டியிருந்தான். வழக்கமாக வெங்காய விலை சொல்லும் ஸ்பீக்கரில் இப்போது தணிகைவேல் பேசிக்கொண்டிருந்தான். "ஒருத்தர்கூட உள்ளே நிக்கக் கூடாது" வரை வரும், மூக்கை மூடச் சொல்லும், வரதன் உடனே முதலிலிருந்து போடுவான். ஜனங்கள் படியில் இறங்க ஆரம்பித்தார்கள். குழந்தைகள் வாயில் ஈரத்துணி. முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வண்டியில் ஏறினார்கள்.

"பிரின்சி, எழுந்திரும்மா" என்றார் தானியேல். "மீஞ்சூருக்குப் போயிடலாம். சம்பந்தி ஊடு இருக்குது. வவுத்துப் புள்ளைக்கு இந்தக் காத்து ஆவாது."

"மீஞ்சூருக்கு எப்படிப் போவீங்க?" தணிகைவேல் குறுக்கே வந்தான். "தரைப்பாலம் மேல ஆறு போவுது அங்கிள். காலைலயே கைப்பிடி தெரியல."

"எனக்குத் தெரியாத ஆறா" என்று கீழேயிருந்து வரதன் குரல் கொடுத்தான். "வண்டி முங்கற தண்ணிலகூட போயிருக்கேன் நானு."

பிரின்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவளால் ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்காமல் முடியவில்லை. தணிகைவேல் ஓடிப்போய் டெம்போவின் முன்னால் தண்ணீரில் நின்றான். இரண்டு கையையும் பானெட் மேல் வைத்துக்கொண்டான்.

"நவுருடா" என்றான் வரதன்.

"ஏத்திக்கினு போ. என் மேல ஏத்திக்கினு போ."

தானியேல் அவன் சட்டையைப் பிடித்தார். தானியேல் வம்சத்தில் ஒருவர் கலியன் வம்சத்தில் ஒருவரின் சட்டையைப் பிடித்ததை அன்றுதான் இரண்டு ஊரும் பார்த்தது. மாடியில் கலியன் பக்கத்து ஆட்கள் நாலு பேர் எழுந்தார்கள். எங்கள் பக்கமும் எழுந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் தானியேல். அவர் குரல் இறங்கியிருந்தது, அது கத்தியதைவிடப் பயமாக இருந்தது. "பழசுன்ற. ஒத்திகைன்ற. சரி. ரெண்டு வருஷமா அதப் பத்திரமா வச்சிருந்தவன் யாரு? பேரச் சொல்லு. எம்பொண்ண எறக்கிடறேன்."

தணிகைவேல் வாயைத் திறந்தான். அவன் பார்வை மாடிப்படிப் பக்கம் போய், சுட்டது போலத் திரும்பி வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா" என்றார் தானியேல்.

அவன் சும்மா இருந்திருக்க வேண்டியதில்லை. "கடைசி வரைக்கும் கேளுங்க" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் போனிலும் அந்த ஆடியோ இருந்தது, ஒருத்தர்கூட அதை முடிவு வரை கேட்டிருக்கவில்லை. பயப்படுவதற்கு முதல் பாதியே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வார்த்தையை மட்டும் அவன் சொல்லவில்லை. சட்டை கிழிகிற வரை நின்றானே தவிரச் சொல்லவில்லை.

பிரின்சியை இரண்டு பெண்கள் தூக்கி டெம்போவில் உட்கார வைத்தார்கள். வரதன் என்ஜினை உறுமவிட்டு, பழக்கப்படி ஸ்பீக்கரில் ஆடியோவை மறுபடி போட்டான்.

அப்போது ஜெனிபர் படியிறங்கி வந்தாள். பாவாடை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தண்ணீரில் நேராக நடந்து வந்து டிரைவர் ஜன்னலுக்குள் கையை விட்டு வரதனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கட் பண்ணாதண்ணா. ஓடட்டும்."

"நீ இன்னாத்துக்கு வந்த? மேல போ" என்றார் தானியேல்.

"ஓடட்டும் நைனா."

தணிகைவேல் இல்லை என்பது போலத் தலையாட்டினான். அவளுக்கு மட்டும் ஆட்டினான், ஆனால் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரில் "மூக்கை மூடிக்குங்க" வந்து முடிந்தது. ஏதோ தட்டு விழுந்த சத்தம். பிறகு பெண்கள் சிரிக்கும் சத்தம். கேஸ் கசிந்த இடத்தில் கேட்கிற சிரிப்பு இல்லை அது.

"ஏ ஜெனி, உன் ஆளு இன்னா கெத்தா பேசறான் பாருடி" என்றது ஒரு குரல்.

"சும்மா இருடி, ரெக்கார்ட் ஆவுது" என்றது இன்னொன்று. சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசகம் படிக்கும் அந்தக் குரலை எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. "ஊட்டுக்குப் போய் படுத்துக்கினு கேக்கணும்."

மறுபடி சிரிப்பு. அதற்கும் பின்னால் தூரத்து மைக்கில் தணிகைவேல்: "ஒத்திகை முடிஞ்சது. எல்லாரும் டீ குடிச்சிட்டு வேலைக்குத் திரும்பலாம்."

வரதன் என்ஜினை நிறுத்தினான். அவனுக்கும் அடுத்து வருவது கேட்க வேண்டியிருந்தது.

"நான்தான் புடிச்சேன்" என்றாள் ஜெனிபர். "உன் கைல இருக்கறது என் பழைய போனு. புதுசு வாங்கினப்ப உனக்குக் குடுத்தேன். உள்ள இருந்தத அழிக்கல. நீ ஜெபம் போடறேன்னு தேடிக்கினு இருந்தப்ப அது ஓடியிருக்குது. யாரும் அனுப்பல நைனா. அது உன் போன்லயே இருந்துச்சு."

தானியேல் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் அழிக்கல?"

"மனசு வரல."

மாடியில் கலியன் மூக்கிலிருந்த துண்டை இழுத்துக் கழற்றினார். "டேய் தணிகை, இன்னாடா இது?" என்றார். வண்டியில் ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கேஸ் இல்லை என்று தெளிந்து இறங்கினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் இன்னும் ஈரத்துணியோடுதான் இருந்தார்கள். இந்த நேரத்தில் இந்த இடத்தை விட்டுப் போக ஒருவருக்கும் மனமில்லை, அவ்வளவுதான்.

தானியேலின் கை ஓங்கியது. டெம்போவின் மேலிருந்து பிரின்சி சொன்னாள்: "நைனா, எனக்கு இடுப்பு வலிக்குது. மொதல்ல என்ன எறக்கு. அவள அப்பறம் அடி."

ஓங்கிய கை அப்படியே அவளைத் தாங்கப் போனது. ஒரு பக்கம்தான் தாங்க முடிந்தது. மறுபக்கம் தணிகைவேல் வந்து பிடித்தபோது தானியேல் அவனைப் பார்க்கவில்லை, விரட்டவும் இல்லை.

பிரின்சியை மேலே படுக்க வைத்த பிறகு குணசுந்தரி டீச்சர் ஜெனிபரிடம் வந்தார். "இங்க சரியாப் போச்சும்மா. ஆனா அந்த ஆடியோ மூணு குரூப் வழியா எங்கெங்கயோ போயிருக்கும். கவரப்பேட்டைலயும் முகாம் இருக்குது, பொன்னேரிலயும் இருக்குது. அவங்களும் மொதப் பாதிய மட்டும் கேட்டுட்டு எறங்கி நடந்தா என்ன பண்றது?"

ஜெனிபர் அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"கடைசி வரைக்கும் கேக்கச் சொன்னா பேச்சு மீஞ்சூருக்கும் போயிடும்டி" என்றார் தானியேல். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "ஜோஷ்வா ஊட்டுல கேப்பாங்க. சர்ச்ல நான் எப்டி நிக்கறது?"

"போவட்டும் நைனா."

"வெறுமன பொய்னு எழுதிப் போடேன்."

"இவரு மத்தியானத்துலருந்து வாயாலயே சொன்னாரு. நீ நம்பினியா?"

அவர் போனை வேட்டி நுனியில் துடைத்தார். பிறகு கொடுத்தார். அவள் ஆடியோவை மறுபடி போட்டு, "இது ஒத்திகை. கடைசி வரை கேளுங்க. கட்டடத்தை விட்டு இறங்காதீங்க" என்று மூன்று குரூப்பிலும் எழுதி அனுப்பினாள். முதல் பாதி பரவிய இடமெல்லாம் பின்பாதியும் பரவியது. இன்னும் வேகமாகப் போனது என்று சொன்னால் நம்ப வேண்டும். பொன்னேரி முகாமில் படியிறங்கியவர்கள் படியிலேயே உட்கார்ந்து கேட்டார்களாம்.

சாயங்காலம் படகில் வந்த தீயணைப்புக்காரர்கள், தரைப்பாலத்தின் நடுப்பகுதி மத்தியானமே அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். யாரும் வரதனைப் பார்க்கவில்லை. அவன் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிரின்சியைப் படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, நல்ல எடை.

மீஞ்சூர் சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. ஜோஷ்வா அடுத்த பொங்கலுக்கு முன் கிறிஸ்டினா என்ற நர்ஸைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் சாப்பாடு சுமார் என்றார்கள். ஜெனிபரும் தணிகைவேலும் திருவள்ளூரில் ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டார்கள். கலியன் வரவில்லை. தானியேல் வந்தார், கையெழுத்துப் போட்டார், போட்டோவில் நிற்காமல் போய்விட்டார். இரண்டு ஊரிலும் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. செவ்வாப்பேட்டையில் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறார்கள். அவன் ரயில் மாறி மாறி இங்கே வேலைக்கு வருகிறான், அவள் அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். பிரின்சி குழந்தையோடு ஒரகடத்துக்குப் போய்விட்டாள்.